முறிந்த ஸ்டட், முரட்டு மண்

பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிகள் தொடங்கிவிட்டன போலிருக்கிறது. இந்த வாரம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி பூட்ஸுக்கு அடியிலிருந்துதான் வந்திருக்கின்றன. மற்ற கேள்விகள் அடுத்த வாரம் வரை பொறுக்கட்டும். மேட்ச் பொறுக்காது.

கேள்வி: பூட்ஸின் முன்பக்க ஸ்டட் ஒன்று ஆட்டத்தில் முறிந்துவிட்டது. தலை போய்விட்டது, மரை உள்ளேயே மாட்டிக்கொண்டது. பூட்ஸைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?
— பிளஸ் டூ மாணவர், கம்பம்

தூக்கிப் போடவே கூடாது, தம்பி. போனது ஒரு ஸ்டட்டின் தலை மட்டும்தான். மற்ற ஐந்தும் உங்களை நம்பி நிற்கின்றன.

முதல் வேலை கழுவுவது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் முறிந்த இடத்தைச் சுற்றியிருக்கும் மண்ணைச் சுத்தமாக எடுங்கள். மரையை இறுக்கிப் பிடித்திருப்பதில் பாதி மண், மீதி துரு. துடைத்து உலர்ந்ததும் துரு இளக்கும் ஸ்பிரேயை இரண்டு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். சொட்டுதான், குளிப்பாட்ட வேண்டாம். அடித்தட்டை ஒட்டியிருக்கும் பசைக்கு எண்ணெய் ஆகாது.

காலையில் பாருங்கள். முறிந்த துண்டு ஒரு நெல் அளவுக்காவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். கிரிப் பிளேயரால் கவ்வி, அடித்தட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். எடுத்த எடுப்பில் கழற்றப் பார்க்காமல், முதலில் துளி இறுக்கிவிட்டு அப்புறம் கழற்றுங்கள். துருவின் பிடி அந்த முதல் அசைவில்தான் உடைகிறது. சாதாரண கட்டிங் பிளேயர் வழுக்கும். வழுக்க வழுக்கத் துண்டு உருண்டையாகிவிடும், அப்புறம் எதுவும் பிடிக்காது.

துண்டு நீட்டாமல் மட்டத்துக்கு முறிந்திருந்தால், மெல்லிய அரத்தால் அதன் நடுவில் ஒரு கோடு போடுங்கள். தட்டை ஸ்க்ரூ டிரைவர் உட்காரும் ஆழம் வந்தால் போதும், திருகு மாதிரி கழன்று வரும். கோடு போட இடமில்லையென்றால் கூரான பஞ்ச் கருவியைத் துண்டின் ஓரத்தில் சாய்த்து வைத்து, எதிர்த்திசையில் சுற்றும்படி சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். பல துண்டுகள் இதற்கே மசிந்துவிடும்.

எதற்கும் மசியவில்லையா? இனி டிரில் போட்டு ஈஸி அவுட்டால் எடுக்க வேண்டியதுதான். இதை வீட்டில் செய்யாதீர்கள். நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 6 மில்லிமீட்டர் மரையாக இருந்தால் 3 மில்லிமீட்டர் துளை, 5 மில்லிமீட்டர் மரையாக இருந்தால் அதைவிடச் சின்னத் துளை போட வேண்டும். டிரில் மெதுவாக ஓட வேண்டும். பிட்டில் ஆழத்துக்கு அடையாளமாக ஒட்டு டேப் சுற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் துளை உங்கள் உள்ளங்கால் வரை போகும். துளைக்குள் ஈஸி அவுட்டை எதிர்த்திசையில் திருகினால், அது துண்டை உள்ளிருந்தே கவ்விக்கொண்டு வெளியே வரும். ஆத்திரப்பட்டு முறுக்கினால் ஈஸி அவுட்டே உள்ளே முறியும். அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண பிட் அதைத் தின்னாது. பூட்ஸ் அன்றைக்குத்தான் நிஜமாகவே போகும்.

கேள்வி: கேஸ் அடுப்பில் காட்டினால் இரும்பு விரிந்து ஸ்டட் கழன்றுவிடும் என்கிறாரே என் அண்ணன்?
— கூடலூர்

இரும்பு விரிவதற்குள் அடித்தட்டு உருகிவிடும். அது நைலான் வகைப் பிளாஸ்டிக். அண்ணனை அடுப்பங்கரையில் காபி போடச் சொல்லுங்கள், அதற்கு அடுப்பு சரியான கருவி.

கேள்வி: இதை யாரிடம் கொண்டுபோவது? செருப்பு தைப்பவரிடமா, லேத்துக்கா, ஸ்போர்ட்ஸ் கடைக்கா?
— போடிநாயக்கனூர்

டூ வீலர் மெக்கானிக்கிடம். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

பைக்கில் சைலன்சரை என்ஜினோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுக்கும் ஸ்டட் என்றுதான் பெயர். சூட்டிலும் மழையிலும் துருப்பிடித்து, கழற்றும்போது மட்டத்துக்கு முறிவது அதன் வழக்கம். போடி மெட்டு ஏறி இறங்கும் வண்டிகளைப் பார்க்கிற எந்த மெக்கானிக்கும் முறிந்த ஸ்டட்டை எடுக்காமல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டார். ஈஸி அவுட் செட் அவரிடம் இருக்கும். 10-ம் நம்பர் ஸ்பேனர் போடும் போல்ட் எல்லாம் 6 மில்லிமீட்டர் மரை என்பதால் அந்த அளவுக்கு மரை வெட்டும் கருவியான டேப்பும் இருக்கும். துண்டை எடுத்த பிறகு டேப்பை ஒருமுறை உள்ளே விட்டு மரையைச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்டட் மரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 5 மில்லிமீட்டரும் உண்டு, 6 மில்லிமீட்டரும் உண்டு. அதே பூட்ஸிலிருந்து நல்ல ஸ்டட் ஒன்றைக் கழற்றி மாதிரிக்குக் கையில் கொண்டுபோங்கள். தப்பான டேப் உள்ளே போனால் முறிந்த ஸ்டட்டைவிடப் பெரிய சேதம்.

அவர் கைவிட்டால் லேத். பம்பு செட், டிராக்டர் வேலை பார்க்கும் பட்டறை நம் பக்கம் எந்தச் சின்ன ஊரிலும் உண்டு. அவர்களிடம் பிளாஸ்டிக் உருகும் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துங்கள். இரும்போடு பழகிய கை பிளாஸ்டிக்கை மறந்துவிடும்.

கேள்வி: என் மாணவர்களுக்கு மட்டும் ஏன் ஸ்டட் இப்படி முறிகிறது? டிவியில் ஆடுகிறவர்களுக்கு முறிவதே இல்லையே?
— உடற்கல்வி ஆசிரியர், சின்னமனூர்

ஐயா, நீங்கள் கேட்டது பூட்ஸைப் பற்றி. பதில் உங்கள் மைதானத்தில் கிடக்கிறது.

கழற்றி மாட்டும் நீள ஸ்டட் ஈரமும் புல்லும் உள்ள மண்ணுக்காகச் செய்யப்பட்டது. ஸ்டட் முழுதும் மண்ணில் இறங்க வேண்டும், இறங்கினால்தான் பாரம் அடித்தட்டு முழுக்கப் பரவும். 1954 ஜூலை 4 அன்று பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. மழை கொட்டியது. மேற்கு ஜெர்மனி அணியோடு இருந்த அடி டாஸ்லர், தரை சேறானதும் வீரர்களின் பூட்ஸில் நீள ஸ்டட்களைத் திருகிக் கொடுத்தார். லீக் ஆட்டத்தில் 8-3 என்று தங்களை நொறுக்கிய ஹங்கேரியை, இரண்டு கோல் பின்தங்கிய பிறகும் 3-2 என்று ஜெர்மனி வென்றது. வெற்றிக்கு ஸ்டட் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அன்றைய தரைக்கு அது பொருந்திய ஸ்டட் என்பதில் சந்தேகமில்லை.

அதே ஸ்டட்டை நம் செம்மண் மைதானத்தில் போட்டுக்கொண்டு ஓடினால் என்ன ஆகும்? மண் இறங்க விடாது. ஆறு முனைகளில் பையன் நிற்கிறான். திடீரென்று திரும்பும்போது உடம்பின் பாரம் முழுவதும் ஒரு ஸ்டட்டின் தலையில் பக்கவாட்டில் விழுகிறது. ஸ்டட் நீளமாக நீளமாக அதன் அடியில் நெம்பும் விசையும் கூடும். நடுவில் ஒரு சரளைக்கல் இருந்தால் கதை முடிந்தது. முறிவது ஸ்டட்டாக இருந்தால் மெக்கானிக் போதும். கணுக்கால் என்றால் ஆஸ்பத்திரி. எனக்கு ஸ்டட்டைப் பற்றிய கவலையைவிட இந்தக் கவலைதான் பெரிது.

பெட்டியின் மேல் இருக்கும் எழுத்தைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். எஸ்ஜி என்றிருந்தால் இளகிய தரைக்கு, உலோக ஸ்டட். எஃப்ஜி என்றால் புல் உள்ள உறுதியான தரைக்கு. ஏஜி என்றால் செயற்கைப் புல்லுக்கு, ஸ்டட் குட்டையாகவும் நிறையவும் இருக்கும். டிஎஃப் என்றால் அடி முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள். புல்லே இல்லாத நம் பள்ளி மைதானங்களுக்கு டிஎஃப் முதல் தேர்வு, ஏஜி இரண்டாவது. பையன்கள் உலோக ஸ்டட்தான் கேட்பார்கள், நடக்கும்போது டக் டக் என்று சத்தம் வருவதால். அந்தச் சத்தத்துக்காக யாரும் பந்தை விட்டுத் தரப்போவதில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். மாலையில் ஆட்டத்துக்கு முன் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்க முடியுமா பாருங்கள். ஒரு வாரம் தெளித்தால் தரையின் முரட்டுத்தனம் குறையும், விழுகிற முழங்கால்களும் பிழைக்கும். பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இரண்டு போகம் நனைகிற கம்பம் பள்ளத்தாக்கு இது. குழந்தைகள் ஓடும் இரண்டு ஏக்கர் மட்டும் ஏன் காய வேண்டும்? பஞ்சாயத்தில் கேளுங்கள். நானும் இங்கே எழுதிக்கொண்டே இருப்பேன்.

கேள்வி: ஸ்டட் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே மட்டும் வரவில்லை!
— உத்தமபாளையம்

சுற்றுவது ஸ்டட் மட்டுமல்ல. அதைப் பிடித்திருக்கும் நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. அடித்தட்டுக்குள் புதைத்து வைத்த சின்ன நட்டு அது, பிளாஸ்டிக்கின் பிடியிலிருந்து விட்டுவிட்டது. இன்னும் சுற்றினால் பள்ளம் அகலமாகும், உடனே நிறுத்துங்கள். உள் அட்டையைத் தூக்கிப் பாருங்கள். சில பூட்ஸில் நட்டின் பின்பக்கம் தெரியும். செருப்பு தைப்பவர் உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்க, நீங்கள் வெளியிலிருந்து கழற்றலாம். பிறகு நட்டைச் சுற்றி எபாக்ஸி பசை விட்டு ஒரு முழு நாள் காய விடுங்கள். பின்பக்கம் தெரியாதபடி மூடிய அடித்தட்டாக இருந்தால் அந்த பூட்ஸை மேட்சுக்குப் போடாதீர்கள்.

கேள்வி: மகனுடைய பூட்ஸில் ரப்பர் ஸ்டட் ஒன்று பிய்ந்துவிட்டது. ஆணி அடித்து ஒட்ட வைக்கலாமா? வாங்கி ஆறு மாசம்கூட ஆகவில்லை.
— ஒரு தாய், ஆண்டிபட்டி

ஆணி மட்டும் வேண்டாம், அம்மா. ஒரு காலத்தில் தோலை அடுக்கி ஆணியால் அறைந்த ஸ்டட்கள்தான் உலகமெங்கும் இருந்தன. தோல் தேயத் தேய ஆணி வெளியே வந்து எதிராளியின் காலைக் கிழித்தது. ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் வீரர்களின் பாதத்தைத் தூக்கிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆணி தெரிந்தால் உங்கள் மகன் வெளியே நிற்க வேண்டியதுதான். உள்பக்கம் வந்தால் அவன் பாதமே கிழியும்.

இது அடித்தட்டோடு சேர்த்து வார்த்த ஸ்டட். மரை கிடையாது, மாற்ற முடியாது. ஓரத்தில் ஒன்று போயிருந்தால் கால் அந்தப் பக்கம் சரியும், ஆகவே மேட்சுக்கு வேண்டாம். நடுவில் இருக்கும் சின்ன ஸ்டட் என்றால் பயிற்சிக்கு ஓட்டலாம். பில் இருக்கிறதா பாருங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் கடைக்காரரிடம் கேட்பதில் தவறே இல்லை. அடுத்த முறை வாங்கும்போது ஸ்டட்டைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். வேரில் வெள்ளைக் கோடு விழுந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் நம் ஆட்கள் வெறுங்காலோடு ஒலிம்பிக்கே ஆடினார்களே! இவ்வளவு பூட்ஸ் பேச்சு தேவையா?
— பெரியகுளம்

ஆடினார்கள். 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக், பிரான்ஸுக்கு எதிராக. பெரும்பாலானோர் வெறுங்கால், சிலர் காலில் துணிக்கட்டு. தலைவர் டாலிமெரன் ஆவ். ஆட்டம் 1-1 என்று போய்க் கடைசியில் 2-1 என்று தோற்றோம். நம் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டி வீணானதும் அன்றைக்குத்தான். அதற்கும் முன்னால் 1911-ல் மோகன் பகான் ஐஎஃப்ஏ ஷீல்டை வென்றபோது அணியில் ஒரே ஒருவர்தான் பூட்ஸ் போட்டிருந்தார். எதிரில் நின்றது பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயப் பட்டாளம்.

அதே வெறுங்கால்கள் 1952-ல் ஹெல்சிங்கிக்குப் போயின. குளிர், யுகோஸ்லாவியாவிடம் 10-1. அதன் பிறகே பூட்ஸ் கட்டாயமானது. வெறுங்காலில் ஆடியவர்களின் திறமைக்குத் தலை வணங்குகிறேன். அவர்கள் பட்ட வலிக்கு நம் பிள்ளைகளும் படவேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்தும் ஊர்க்காரர் நீங்கள். நல்ல ஷூ இல்லாமல் உங்கள் ஊர்ப் பையன் ஒருவனைக் களத்தில் இறக்குவீர்களா?

கேள்வி: பூட்ஸ் போட மறுத்ததால்தான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லையாமே?
— தேவாரம்

கதை நன்றாக இருப்பதால் நிலைத்துவிட்டது. அணித் தேர்விலும் பயிற்சி நேரத்திலும் சிக்கல் என்றுதான் இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அன்று சொன்னது. ஒலிம்பிக்கையே பெரிதாக நினைத்திருந்த காலம், உலகக் கோப்பையின் அருமை அப்போது யாருக்கும் தெரியவில்லை. பழியைப் பாவம் பூட்ஸ் சுமக்கிறது.

கேள்வி: பெண்கள் சைஸில் பூட்ஸே கிடைப்பதில்லை. அண்ணன் பூட்ஸில் துணி அடைத்து ஆடுகிறேன். ஸ்டட் கழன்றுகொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
— கல்லூரி மாணவி, தேனி

உண்டு. பூட்ஸுக்குள் கால் நழுவினால் ஸ்டட்டின் மேல் விழவேண்டிய பாரம் நேராக விழாமல் ஒவ்வொரு அடிக்கும் ஆட்டிவிடுகிறது. ஆட ஆட மரை இளகும். அண்ணனுக்கு நன்றி சொல்லி பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பையன்களுக்கான ஜூனியர் சைஸில் 3, 4, 5 கிடைக்கும், பல பெண்களுக்கு அது பொருந்துகிறது. சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஆடும்போது போடும் சாக்ஸையே போட்டுப் பார்க்க வேண்டும்.

நீங்கள் தனியாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டத்தை 2018-லும் 2023-லும் கொண்டுவந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் பெண்கள் சைஸ் வைக்காத கடை கடையே இல்லை. போகும்போதெல்லாம் கேளுங்கள், நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குச் சரக்கு வந்திருக்கும்.

கேள்வி: நான் கிரிக்கெட், வேகப்பந்து. முன்கால் ஸ்பைக் முறிந்து நிற்கிறது. எனக்கும் இதே வைத்தியமா?
— வீரபாண்டி

இதேதான். ஆனால் ஸ்பைக் சின்னது, எஃகு, டிரில் எளிதில் இறங்காது, அதனால் அரத்தால் கோடு போடும் வழியே முதல் வழி. முறிந்த ஸ்பைக்கோடு மட்டும் பந்து வீசாதீர்கள். முன்கால் ஊன்றும்போது வழுக்கினால் முழங்கால் கணக்குக் கேட்கும்.

கேள்வி: ஓடும்போது ஒரு பூட்ஸ் கழன்று விழுந்துவிட்டது. வெறுங்காலால் கோல் அடித்தேன். நடுவர் செல்லாது என்றார். சரியா?
— பாளையம்பட்டறைத் தெரு, கம்பம்

தற்செயலாகக் கழன்றதென்றால் கோல் செல்லும். விதி 4 தெளிவாகவே சொல்கிறது: பந்து அடுத்து ஆட்டத்தைவிட்டு வெளியே போவதற்குள் பூட்ஸை மாட்டிக்கொள்ள வேண்டும், அதற்குள் அடித்த கோல் கோல்தான். அடுத்த மேட்சில் நடுவரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். லேஸையும் இரண்டு முடிச்சாகப் போடுங்கள்.

கேள்வி: மூணாறு பக்கம் எஸ்டேட் டீமுக்கு ஆடுகிறேன். அங்கே எப்போதும் ஈரம், உலோக ஸ்டட் இல்லாமல் முடியாது. சீசன் முடிந்து கழற்றப் போனால் ஆறும் கல்லாக நிற்கின்றன.
— போடி மெட்டு

உங்களுக்கு எஸ்ஜி சரிதான். மூணாறில் 1940-களிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் ஃபின்லே கோப்பைக்கு மோதிய மைதானங்களின் ஈரம் வேறு, கீழே நம் மண் வேறு.

கல்லாக நிற்பதற்குக் காரணம் இரண்டு வேறு உலோகங்கள். ஸ்டட்டின் உடல் பெரும்பாலும் அலுமினியம், உள்ளே போகும் மரை எஃகு. உப்பு வியர்வையும் மழையும் நடுவில் சேர்ந்தால் அரிப்பு வேகமாக நடக்கும், அரிப்பின் தூள் மரையை அடைத்துக்கொள்ளும். சீசன் முடியும்வரை காத்திருக்கக் கூடாது. மேட்ச் முடிந்து வந்த அன்றே ஆறையும் கழற்றித் துடைத்து, மரையில் கடுகளவு கிரீஸ் தடவி மறுபடி மாட்டுங்கள். கிரீஸ் இல்லையென்றால் வாசலின். தேங்காய் எண்ணெய் வேண்டாம், உங்கள் ஊர்க் குளிரில் அது உறைந்துவிடும். பூட்ஸை நிழலில், உள்ளே செய்தித்தாள் திணித்துக் காய வையுங்கள். தார் ரோட்டில் பூட்ஸோடு நடக்காதீர்கள். சாவி பிடிக்கும் விளிம்புகள் தேய்வது அங்கேதான், தேய்ந்த பிறகு ஸ்டட் சாவி வைத்திருந்தும் பயனில்லை.

கேள்வி: இப்போது இரவு ஒன்பது மணி. நாளைக் காலை ஏழுக்கு மேட்ச். ஸ்டட் முறிந்து நிற்கிறது, மெக்கானிக் கடை சாத்திவிட்டது. அவசரம்!
— கம்பம் ரோடு, தேனி

உங்கள் கடிதம் எனக்கு வந்து சேர்ந்து, பதில் அச்சாகி, நீங்கள் படிப்பதற்குள் அந்த மேட்சும் முடிந்திருக்கும், அடுத்த மேட்சும் முடிந்திருக்கும். ஆனாலும் அடுத்தவருக்கு உதவட்டும்.

ராத்திரி அவசரத்தில் சுத்தியலையும் டிரில்லையும் தொடாதீர்கள், நல்ல நட்டும் போய்விடும். ஸ்பிரே மட்டும் விட்டு வையுங்கள். ஐந்து ஸ்டட்டோடு இறங்கவும் வேண்டாம், ஒரு பக்கம் தாழும். அணியில் இரண்டாம் பாதிக்குக் காத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு பூட்ஸ் கேளுங்கள். அவர் உங்களைவிட ஒரு சைஸ் பெரியவர் என்றால் இரண்டு சாக்ஸ் போட்டு ஒரு மேட்சைச் சமாளித்துவிடலாம். சின்னவர் என்றால் வேண்டாம், நகம் போகும். அவரைக் களத்தில் இறக்கும்போது கழற்றிக் கொடுத்துவிடுங்கள், லேஸ் முடிச்சை அவிழ்த்துவிட்டு.